பேஜ்ஃபைலை நிறுத்திய பிறகு: பழைய வண்ணாரப்பேட்டை டிசைன் கடை ஒன்றின் நினைவகப் பிரச்சினை

பின்னணி

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு டிசைன் கடை இருக்கிறது. ஃபிளெக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே வடிவமைப்பார்கள். பிரிண்ட் போடும் பெரிய மெஷின் கடையில் இல்லை. முடிந்த ஃபைல் கொருக்குப்பேட்டையில் உள்ள யூனிட்டுக்குப் போய் அச்சாகி வரும். இந்தக் கடையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2025 ஆடியில் அங்கே நடந்ததைத்தான் பதிவு செய்கிறேன். பேஜ்ஃபைல் என்பது, ராமில் இடம் போதாதபோது அதிலுள்ள தரவை எழுதிவைக்க விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கும் ஃபைல். இதே கோளாறு, இதே தவறான வைத்தியத்தோடு, தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மற்ற கடைகளிலும் வந்துகொண்டிருக்கிறது.

வடசென்னையில் ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். பெரியபாளையத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் பேனர் வேண்டும், எல்லோருக்கும் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வேண்டும். இதற்கிடையில் சாவு வீட்டிலிருந்து ஆள் வருவார். காலையில் ஒருவர் தவறினால் மதியத்துக்குள் போஸ்டர் சுவரில் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஃபைல் சேவ் ஆகாமல் கணினி மூடிக்கொண்டால், துக்கத்தில் நிற்கும் குடும்பத்திடம் "கொஞ்சம் இருங்க, மறுபடியும் போடறேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும். கடைக்காரர் என்னை அவசரமாகக் கூப்பிட்டது அப்படி ஒரு நாளில்தான்.

கடையில் மூன்று கணினிகள். முதலாவது மூத்த டிசைனருடையது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 64-பிட் விண்டோஸ் 10. ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து சி டிரைவுக்கு 100 ஜிபி ஒதுக்கியிருந்தார்கள். இரண்டாவது, இளைய டிசைனரின் கணினி. கிட்டத்தட்ட அதே அமைப்பு. மூன்றாவது கவுன்டரில் இருக்கும் பழைய 2 ஜிபி கணினி. அதில் லினக்ஸ் போட்டு பில், மெயில், வாடிக்கையாளர் அனுப்பும் படங்களை இறக்குவது ஆகியவற்றுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள்.

நான் வருவதற்கு முன் நடந்தது

ஆனி மாதக் கடைசியிலேயே முதல் கணினி மெதுவாகியிருக்கிறது. கோரல்டிராவிலிருந்து ஃபோட்டோஷாப்புக்கு மாறினால் திரை வெள்ளையாகி நிற்கும். சிபியு டப்பாவில் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே அணையாது. எந்த நிரல் எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து கிடக்கும்.

கடைக்காரரின் அக்கா மகன் கல்லூரி மாணவர், கணினியில் ஆர்வமுள்ளவர். அவர் பார்த்துவிட்டு, "மாமா, விண்டோஸ் ராமை விட்டுட்டு ஹார்ட் டிஸ்க்ல எழுதிக்கினு இருக்கு. அந்தப் பேஜ்ஃபைலை நிறுத்திட்டா ராமை மட்டும்தான் யூஸ் பண்ணும், ஸ்பீடாயிடும்" என்று சொல்லி, அதை முழுதாக நிறுத்திவிட்டார். சி டிரைவிலும் சில ஜிபி இடம் கிடைத்தது. இரண்டு நாள் உண்மையாகவே வேகம் கூடியது. இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆலோசனை ஊரெல்லாம் பரவுவதற்கு அந்த இரண்டு நாள் வேகம்தான் காரணம்.

அப்புறம் கோரல் தானாக மூடிக்கொள்ளத் தொடங்கியது. "உங்கள் கணினியில் மெமரி குறைவாக உள்ளது" என்று ஒரு பெட்டி வரும். சில சமயம் அந்தப் பெட்டியும் வராது, வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபைல் அப்படியே காணாமல் போகும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று பாதியில் போனது என்னைக் கூப்பிட்ட அன்றுதான்.

முதல் நாள் கண்டது

கடைக்குப் போனதும் மூத்த டிசைனர் சொன்ன முதல் வார்த்தை: "ராம் ஃபுல்லாவே இல்ல தம்பி, அதான் புரியல. எழுபத்தஞ்சு பர்சன்ட்தான் காட்டுது. ஆனா மெமரி இல்லன்னு சொல்லுது."

அவர் சொன்னது சரி. டாஸ்க் மேனேஜரில் 3.9 ஜிபியில் 2.9 ஜிபிதான் பயன்பாட்டில் இருந்தது. 1 ஜிபி சும்மா கிடந்தது. ஆனால் அதே பக்கத்தில், கீழே சின்ன எழுத்தில், கமிட்டட் என்ற இடத்தில் 3.7/3.9 என்று இருந்தது. பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடும் எண் இதுதான். இந்த நிகழ்வில் மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்தே வந்தன.

ஒரு மென்பொருள் விண்டோஸிடம் நினைவகம் கேட்கும்போது, அதை உடனே முழுதாகப் பயன்படுத்துவதில்லை. "எனக்கு 600 எம்பி வேண்டும்" என்று கேட்கும், விண்டோஸ் ஒப்புக்கொள்ளும். பிறகு தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும். இப்படி ஒப்புக்கொண்ட மொத்த அளவுதான் கமிட்டட். அதன் உச்சவரம்பு ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் இப்போது 280 பேர் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருப்பது 400 பேருக்கு. உக்கிராண அறையில் அரிசி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் 400 பேருக்கும் வாக்குக் கொடுக்க முடியும். அந்த அறையைப் பூட்டிவிட்டால், பந்தியில் இலை காலியாக இருந்தாலும் புதிதாக வருபவரிடம் "இடமில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். விண்டோஸ் எப்போதும் வாக்கைக் காப்பாற்றும் முறையில் எழுதப்பட்டது. தர முடியாததைத் தருகிறேன் என்று சொல்லாது. அதனால் ராம் 75 சதவீதத்தில் இருந்தபோதே, புதிதாகக் கேட்ட கோரலுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த 'இல்லை'யைத் தாங்கிக்கொள்ளத் தெரியாத நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள, விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். சிஸ்டம் பதிவில் 2004 என்ற எண்ணில் எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. மெய்நிகர் நினைவகம் (ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்தது) குறைந்துவிட்டது என்று விண்டோஸே எழுதிவைக்கும் பதிவு அது. அந்த நேரத்தில் அதிகம் எடுத்துக்கொண்டிருந்த மூன்று நிரல்களின் பெயரையும் அளவையும் சேர்த்தே சொல்லும். எல்லாப் பதிவிலும் அதே மூன்று: ஃபோட்டோஷாப், கோரல், பிரவுசர். கடைக்காரர் கோரல் விழுந்ததாகச் சொன்ன நேரமும் பதிவின் நேரமும் ஒத்துப்போயின. பேஜ்ஃபைலை நிறுத்திய நாளுக்கு முன்னால் அப்படி ஒரு பதிவுகூட இல்லை.

ஆகவே இங்கே இரண்டு தனித்தனி நோய். ஆனி மாதத்தில் இருந்தது மந்தம். ஆடியில் வந்தது சரிவு. மந்தத்துக்குக் கொடுத்த மருந்துதான் சரிவைக் கொண்டுவந்தது.

முதல் முடிவு: பேஜ்ஃபைலைத் திருப்பிக் கொண்டுவருவது

அக்கா மகனும் அன்று கடையில் இருந்தார். அவருக்கு ஒரு நியாயமான கேள்வி இருந்தது. பேஜ்ஃபைல் என்பது ராம் விலை அதிகமாக இருந்த காலத்து ஏற்பாடுதானே, இப்போது எதற்கு என்றார். யோசனை பழையதுதான். 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அட்லஸ் என்ற கணினி, சிறிய உள்நினைவகத்தையும் சுழலும் காந்த உருளையையும் சேர்த்து ஒரே நினைவகம்போல நிரல்களுக்குக் காட்டியது. அங்கிருந்து வந்ததுதான் இது. ஆனால் 4 ஜிபி ராமில் மூன்று பெரிய நிரல்களை ஓட்டும் கடைக்கு, அந்தப் பழைய காலம் இன்னும் முடியவில்லை. இன்னொன்றும் அவருக்குச் சொன்னேன். பேஜ்ஃபைலை நிறுத்தினாலும் ஹார்ட் டிஸ்க் ஓய்ந்துவிடாது. நிரலின் சொந்தக் கட்டளைகள் இருக்கும் பக்கங்களை (நினைவகத்தை விண்டோஸ் பிரித்துக் கையாளும் சிறு துண்டுகள்) ராமிலிருந்து கழற்றிவிட்டு, தேவைப்படும்போது டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்கும். கழற்ற முடியாதது, எங்கேயும் எழுதிவைக்க இடமில்லாத தரவு. காலையில் திறந்து மறந்துபோன பிரவுசர் பக்கத்தின் தரவு ராமில் அப்படியே இருக்கும், கையில் இருக்கும் வேலைக்கான நிரலின் கட்டளைகள் வெளியே தள்ளப்படும். தலைகீழ்.

சரி என்று கேட்டுக்கொண்டார். அமைப்பை மாற்றுவதற்கு முன் சி டிரைவில் இடம் பண்ண வேண்டியிருந்தது. மிச்சம் 9 ஜிபிதான் இருந்தது. வாடிக்கையாளர் படங்கள் டெஸ்க்டாப்பிலேயே குவிந்து கிடந்தன. அவற்றை டி டிரைவுக்கு நகர்த்தினோம். ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவைத்துக் கணினியை அணைக்கும் ஹைபர்னேஷனை இந்தக் கணினியில் யாரும் பயன்படுத்துவதில்லை. அதை நிறுத்தியதும் அதற்கென்று சி டிரைவில் ஒதுங்கியிருந்த ஃபைல் போய் ஒன்றரை ஜிபி கிடைத்தது.

பேஜ்ஃபைலை டி டிரைவில் வைக்கலாமே என்று கடைக்காரர் கேட்டார். டி என்பது அதே ஹார்ட் டிஸ்க்கின் இன்னொரு பகுதி. படிக்கும் முள் ஒன்றுதான். சி-யில் விண்டோஸ், டி-யில் பேஜ்ஃபைல் என்றால் அந்த முள் இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கும். வேறு டிஸ்க் இருந்தால் மட்டுமே நகர்த்துவதில் பயன். அதனால் சி-யிலேயே வைத்தோம்.

அளவு: தொடக்கம் 4096 எம்பி, உச்சம் 8192 எம்பி. விண்டோஸையே முடிவு செய்யவிட்டிருக்கலாம், பொதுவாக அதுதான் என் பழக்கமும்கூட. ஆனால் நிரம்பி வழியும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் சிறிய பேஜ்ஃபைல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தால் துண்டு துண்டாகச் சிதறும். தொடக்கத்திலேயே 4 ஜிபி ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவது இங்கே நல்லது.

ராமைப்போல் ஒன்றரை மடங்கு வை என்ற பழைய கணக்கை நான் பயன்படுத்துவதில்லை. 4 ஜிபிக்கு 6, 32 ஜிபிக்கு 48 என்று அது சொல்லும். ராம் கூடக் கூட பேஜ்ஃபைலின் தேவை குறைய வேண்டும், இந்தக் கணக்கோ அதைக் கூட்டுகிறது. விண்டோஸின் உள்ளமைப்பை நன்கு அறிந்த மார்க் ருசினோவிச் 2008-ல் எழுதிய முறை தெளிவானது: எல்லா வேலையையும் ஒன்றாக ஓட்டி, கமிட் எவ்வளவு உச்சத்துக்குப் போகிறது என்று பார், அதிலிருந்து ராமைக் கழி, குறைந்தபட்ச அளவு கிடைத்துவிடும். பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவசக் கருவியில் அந்த உச்சம் தெரியும். மறுநாள் முழு வேலைக்குப் பிறகு பார்த்தபோது உச்சம் 7.4 ஜிபி. 3.9-ஐக் கழித்தால் 3.5. நாம் வைத்த 4 ஜிபி போதும் என்று உறுதியானது.

ரீஸ்டார்ட் செய்த பிறகு கோரல் ஒரு தடவைகூடத் தானாக மூடவில்லை. 2004 பதிவும் நின்றது.

மந்தம் திரும்பியது

எதிர்பார்த்ததுதான். திரை வெள்ளையாவதும், டிஸ்க் 100 சதவீதமும் அன்று சாயங்காலமே வந்துவிட்டன. "விழல, ஆனா நகரவும் மாட்டேங்குது" என்றார் கடைக்காரர். ஃபைல் பத்திரமாக இருக்கிறது என்பதால் அவர் பொறுத்துக்கொண்டார், ஆனால் வியாழக்கிழமை வேலையை இப்படி முடிக்க முடியாது.

விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்ட் ஃபால்ட் என்ற வரைபடத்தைப் பார்த்தேன். தேவையான பக்கம் ராமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போய் எடுத்துவரும் ஒவ்வொரு முறையும் அதில் ஏறும். ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அது நூற்றுக்கணக்கில் எகிறியது. இந்த நிலைக்கு வயது அதிகம். 1968-லேயே பீட்டர் டென்னிங் இதை விளக்கிவிட்டார். ஒவ்வொரு நிரலுக்கும் அந்த நேரத்தில் அடிக்கடி தேவைப்படும் பக்கங்களின் தொகுப்பு ஒன்று உண்டு. ஓடும் நிரல்களின் தொகுப்புகள் எல்லாம் சேர்ந்து ராமுக்குள் அடங்கும்வரை பிரச்சினை இல்லை. அடங்காத நிமிடத்திலிருந்து, ஒன்றை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ளி, உடனே அதையே திரும்பக் கொண்டுவந்து, கணினி முழு நேரமும் பக்கம் மாற்றுவதிலேயே செலவழிக்கும்.

அதன் விலை ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ராமில் ஒரு தரவை எடுக்க சுமார் 100 நானோ விநாடி. சுழலும் டிஸ்க்கில் ஏதோ ஓரிடத்தில் இருக்கும் ஒரு பக்கத்தை எடுக்க சுமார் 10 மில்லி விநாடி, அதாவது லட்சம் மடங்கு. ஒரு பக்கம் 4 கேபி. சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தால் விநாடிக்கு நூறுதான் முடியும், வெறும் 400 கேபி. 400 எம்பி வெளியே போயிருந்தால் அத்தனையும் இந்த வேகத்தில் திரும்ப 1000 விநாடி, பதினாறு நிமிடத்துக்கு மேல். விண்டோஸ் பல பக்கங்களைச் சேர்த்து எடுக்கும், ஆகவே நடைமுறையில் இவ்வளவு மோசமில்லை. ஆனால் முக்கால் நிமிடம் வெள்ளைத் திரை ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

பேஜ்ஃபைல் அமைப்பில் இனி நோண்டிப் பயனில்லை. ராமுக்குள் அடங்காத அளவுக்கு இந்தக் கடையில் எது நிரப்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபைல்களுக்குள் பார்த்தது

மூத்த டிசைனரிடம் அனுமதி கேட்டு, அவர் அன்று செய்துகொண்டிருந்த கூழ் வார்க்கும் விழா பேனரைத் திறக்கச் சொன்னேன். 8-க்கு 6 அடி. அதை உண்மை அளவில், 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வைத்திருந்தார். விசிட்டிங் கார்டுக்கும் பத்திரிகைக்கும் 300 என்று பழகியவர். அதே பழக்கம் பேனருக்கும் வந்துவிட்டது.

கடையில் இருந்த பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 8 அடி என்பது 96 அங்குலம், 300-ஆல் பெருக்கினால் 28,800 புள்ளிகள். 6 அடி 72 அங்குலம், 21,600 புள்ளிகள். இரண்டையும் பெருக்கினால் 62 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அச்சுக்கான நான்கு வண்ண முறையில் ஒரு புள்ளிக்கு 4 பைட். முழு அளவு லேயர் (படத்தின் ஒரு அடுக்கு) ஒன்றுக்கே ஏறக்குறைய 2.5 ஜிபி. பின்னணி, அம்மன் படம், ஒளிவட்டம், பூ அலங்காரம் என்று லேயர்கள் சேர்ந்தால் எந்த ராமும் தாங்காது. ஃபோட்டோஷாப் தனக்கு அனுமதித்த ராமை நிரப்பிவிட்டு மீதியைத் தன் சொந்த ஸ்கிராட்ச் ஃபைலில் எழுதத் தொடங்கும். அது விண்டோஸின் பேஜ்ஃபைல் இல்லை, தனி. ஆனால் இங்கே இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். பேஜ்ஃபைலும் ஸ்கிராட்சும் ஒரே முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றதற்குப் பெரும் காரணம் இதுதான் என்பது என் முடிவு.

அதே பேனர் 72 டிபிஐ-யில்? 6,912-க்கு 5,184 புள்ளிகள். லேயருக்கு 143 எம்பி. பதினேழில் ஒரு பங்கு. தெருமுனையில், தலைக்கு மேலே கட்டி, பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 72 போதும். கொருக்குப்பேட்டை யூனிட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டோம். "நாங்களே 72-க்குக் குறைச்சுத்தான் அனுப்பறோம்ணா, நீங்க பெருசா அனுப்பினா எங்க மெஷினும் நிக்குது" என்றார் அங்கே இருந்தவர்.

டிசைனர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தன் வேலையின் தரம் குறையும் என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். எழுத்துகளை ஃபோட்டோஷாப்பில் படமாக்காமல் கோரலில் கோட்டு வடிவமாகவே வைத்தால் 72-லும் ஓரம் பிசிறாது. படத்தை மட்டும் 72-ல் வைத்தால் போதும். ஒரு பேனரின் மூலையை மட்டும் இரண்டு விதத்திலும் அச்சிட்டு வரச் சொல்லி, கடை வாசலில் தொங்கவிட்டு, எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஆடிக்கான எல்லா டெம்ப்ளேட்டையும் அவரே மாற்றினார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பக்கத்தில் நின்று படிப்பது, அதில் தவறியவரின் முகம் தெளிவாக இருக்க வேண்டும். அதனால் அது மட்டும் 150-ல் நின்றது.

கூடவே இரண்டு சிறு மாற்றங்கள். ஃபோட்டோஷாப் பின்னோக்கிப் போக வைத்திருக்கும் படிகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம். அதற்கு அனுமதித்த ராம் பங்கை 70 சதவீதத்திலிருந்து 55-க்கு இறக்கினோம். ஃபோட்டோஷாப் மட்டும் ஓடும் கணினியில் இப்படிச் செய்யக்கூடாது. பக்கத்தில் கோரலும் திறந்திருக்கும் கணினியில், ஒன்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் மற்றது வெளியே தள்ளப்படும்.

அன்று மாலை கமிட் உச்சம் 5.6 ஜிபி. நிரல் மாற 40 விநாடிக்கு மேல் எடுத்தது, 6 விநாடி ஆனது. இதுவரை ஒரு ரூபாய் செலவில்லை.

ராமா, எஸ்எஸ்டியா

மிச்சமிருக்கும் 6 விநாடிக்குச் செலவு செய்தாக வேண்டும். கடைக்காரர் இரண்டையும் உடனே போடச் சொன்னார். நான் பிரித்துச் செய்யச் சொன்னதற்கு இரண்டு காரணம். ராம் போடுவது பத்து நிமிட வேலை, விண்டோஸைத் தொட வேண்டாம். எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டால் பழைய டிஸ்க் முழுவதையும் நகலெடுத்து மாற்ற வேண்டும், ஏதாவது பிசகினால் ஆடி வெள்ளிக்கு முதல் நாள் கடை நிற்கும். இரண்டாவது காரணம் எதிர்காலம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிற்கும் என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். நான்காம் தலைமுறை பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. ஆகவே இந்தக் கணினிக்கு ஆயுள் குறைவு. இதில் இருக்கும் டிடிஆர்3 என்ற பழைய வகை ராமை அடுத்த கணினிக்குக் கொண்டுபோக முடியாது. சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம். அதனால் ராமில் தேவைக்கு மட்டும், எஸ்எஸ்டியில் கொஞ்சம் தாராளமாக என்று முடிவு செய்தோம்.

டாஸ்க் மேனேஜரிலேயே இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது என்று தெரிந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 8 ஜிபி டிடிஆர்3 ஒன்று வாங்கி வந்து மற்றதில் போட்டோம். மொத்தம் 12. இரண்டும் ஒரே அளவு ஜோடியாக இருந்தால் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மை. அதற்காக நல்ல 4 ஜிபியைத் தூக்கிப் போடுவதில் அர்த்தமில்லை, இங்கே பஞ்சம் அளவில்தான் இருந்தது. விண்டோஸின் நினைவகச் சோதனையை இரவு ஓடவிட்டு, பிழை இல்லை என்று பார்த்த பிறகே வேலைக்குக் கொடுத்தோம். புழங்கிய ராம் வாங்குபவர்கள் இந்தச் சோதனையை விடவே கூடாது.

ஆடி முடிந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்எஸ்டி போட்டோம். விண்டோஸும் நிரல்களும் பேஜ்ஃபைலும் அதற்கு மாறின, பழைய ஹார்ட் டிஸ்க் ஃபைல்களைச் சேர்த்துவைக்க மட்டும். கணினியில் வேகமான டிஸ்க் அது ஒன்றுதான் என்பதால் ஃபோட்டோஷாப்பின் ஸ்கிராட்சையும் அங்கேயே வைத்தோம். "எஸ்எஸ்டில பேஜ்ஃபைல் வெச்சா சீக்கிரம் தேஞ்சிடும்னு சொல்றாங்களே அண்ணா" என்று அக்கா மகன் கேட்டார். விண்டோஸ் 7 வந்த 2009-லேயே மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் அளந்ததில் பேஜ்ஃபைலிலிருந்து படிப்பது எழுதுவதைப்போல் சுமார் 40 மடங்கு. சிறு சிறு துண்டாகப் படிக்கும் வேலைக்கு எஸ்எஸ்டியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 12 ஜிபி வந்த பிறகு பேஜ்ஃபைலுக்குப் போவதே அரிது. அதை விண்டோஸ் பொறுப்பிலேயே விட்டோம், நிறுத்தவில்லை. ஃபோட்டோஷாப்பின் ராம் பங்கையும் பழையபடி 70-க்கு ஏற்றினோம்.

கவுன்டர் கணினி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2 ஜிபி லினக்ஸ் கணினியில் பிரவுசர் எச்சரிக்கை இல்லாமல் மறைந்துபோகும் என்று புகார். ஸ்வாப்பே (பேஜ்ஃபைல் செய்யும் வேலையை லினக்ஸில் செய்வது) அமைக்காமல் நிறுவியிருந்தார்கள். லினக்ஸ் இந்த விஷயத்தில் விண்டோஸுக்கு நேர் எதிர். கேட்டவர்க்கெல்லாம் தாராளமாக ஒப்புக்கொள்ளும், உண்மையில் தீர்ந்துபோனால் ஓடும் நிரல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவில் பிரவுசரைக் கொன்ற வரி இருந்தது.

2 ஜிபி ஸ்வாப் ஃபைல் ஒன்றை உருவாக்கி, ரூட் (கணினியின் முழு உரிமை உள்ள நிர்வாகி) மட்டும் படிக்கும்படி உரிமையைக் கட்டுப்படுத்தி, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தானாக இணையும்படி செய்தோம். அதற்கு முன்னுரிமையாக, ராமுக்குள்ளேயே சுருக்கிவைக்கும் ஸீராம் ஒன்றும் அமைத்தோம். ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினெஸ் அளவை 60-லிருந்து 10-க்குக் குறைக்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். இங்கே குறைக்கவில்லை. குறைத்தால், தூங்கும் நிரலின் தரவை வெளியே அனுப்பாமல், டிஸ்க்கிலிருந்து படித்துவைத்த ஃபைல்களைத்தான் கெர்னல் முதலில் தூக்கியெறியும். இவ்வளவு குறைந்த ராமில் அது மந்தத்தையே கூட்டும். கவுன்டரில் இருக்கும் தங்கைக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன்: நினைவக நிலையைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் ஃப்ரீ என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவைலபிள் என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். பிரவுசர் அதற்குப் பிறகு மறையவில்லை.

விளைவும் மாற்றங்களும்

புரட்டாசியில் மறுபடி அளந்தபோது முதல் கணினியில் கமிட் உச்சம் 7.9 ஜிபி. ராம் கூடியதும் டிசைனர் கூடுதல் ஃபைல்களைத் திறந்துவைக்கத் தொடங்கியிருந்தார், எல்லாக் கடையிலும் நடப்பதுதான். வரம்பு 14 ஜிபியை ஒட்டி இருந்ததால் நெருக்கடி இல்லை. ஹார்ட் ஃபால்ட் வரைபடம் புது ஃபைல் திறக்கும்போது மட்டும் எழுந்து அடங்கியது. நிரல் மாறும்போது வெள்ளைத் திரை வரவில்லை. பாதியில் போன ஃபைல் என்று ஒன்றும் இல்லை.

இனி இப்படி ஒரு கடைக்குப் போகும்போது வரிசை இதுதான் என்று வைத்திருக்கிறேன். முதலில் கமிட்டட் எண்ணும் 2004 பதிவும். அங்கே முட்டினால் பேஜ்ஃபைல். முட்டாமல் மந்தம் மட்டும் இருந்தால் ஹார்ட் ஃபால்ட், அதற்கடுத்து உடனே வேலை ஃபைல்களின் உண்மை அளவு. கடைக்கு வெளியே போய்ப் பாகம் வாங்குவது அதற்கப்புறம்தான். ஃபைல் அளவைப் பார்ப்பது தொழில்நுட்ப ஆளின் வேலை இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே அதுதான் மிகப் பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது. டிசைனரோடு உட்கார்ந்து அவர் வேலையைப் பார்க்காமல் அது தெரிந்திருக்காது.

கடையில் மாறியது: புது பேனருக்கு 72 டிபிஐ-யில் வெற்று டெம்ப்ளேட்கள் அளவு வாரியாகத் தயாராக இருக்கின்றன, 300-ல் தொடங்கும் வழியே இல்லை. யார் என்ன அமைப்பை மாற்றினாலும் மானிட்டர் பக்கத்தில் இருக்கும் நோட்டில் தேதியோடு எழுத வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பேஜ்ஃபைல் என்றைக்கு நின்றது என்பதை அக்கா மகன் நினைவாகச் சொன்னதால்தான் முதல் நாளே காரணம் பிடிபட்டது. அவர் இப்போது அந்த நோட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

இளைய டிசைனரின் கணினி இன்னும் 4 ஜிபியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும்தான் ஓடுகிறது. சிறிய டெம்ப்ளேட்களால் அது சமாளிக்கிறது. அதற்கு ராம் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தைக்கு முன் அந்த இடத்துக்குப் புதிய கணினி வாங்கக் கடைக்காரர் பணம் ஒதுக்கியிருக்கிறார். 16 ஜிபி ராம் ஒரே குச்சியாக, இரண்டாவது ஸ்லாட் காலியாக, விண்டோஸ் 11-ஐ ஏற்கும் பிராசசரோடு வாங்கச் சொல்லி அளவுகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேஜ்ஃபைல் என்ற வரிக்கு எதிரே, 'விண்டோஸ் பார்த்துக்கொள்ளும், கை வைக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன்.